கசம்னா என்ன அத்தான்

வெயில் ஊரில் தண்ணீர் ஓரமாக முகாம் போடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, தண்ணீரை ஒட்டியே படுப்பது. ஈரம், கொசு, பூச்சி பொட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். கொஞ்சம் மேடேறி, காற்று வருகிற திசை பார்த்துப் படுக்க வேண்டும். மரத்தடி நல்லதுதான், ஆனால் தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சங்கரன்கோவிலில் பி.டி. வாத்தியாராக இருக்கிறேன் சார், பெயர் ஜெயசிங். எங்கள் சபை வாலிபர்களை வருஷம் தவறாமல் முகாமுக்குக் கூட்டிப்போகிறவன் நான்தான். இதுவரை ஒருவரையும் ஒரு தேள்கூடக் கொட்டியது கிடையாது. அதனால்தான் ரெஜின் என்னிடம் கேட்டார்.

ரெஜின் என் தங்கை ஜெபிதாவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை. பூர்வீகம் இந்தப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயில். தமிழ் பேசுவார், நம் ஊர்ப் பேச்சு பாதிதான் புரியும். புரியாத வார்த்தையைச் சும்மா விடவும் மாட்டார். ஜெபிதா போனில் ஏதாவது சொல்லும்போது நிறுத்தி நிறுத்தி அர்த்தம் கேட்பார், இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தவன் நான். வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்று பயந்து கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். முதல் ஓலை வாசித்த அன்று யாரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? படித்த பையன், குடி கிடையாது, மரியாதை தெரிந்தவர். புனேக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பதெல்லாம் ஒரு தடையாகாது.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடப்பேன். காரணமில்லாமல் பைக்கை எடுத்துப் புளியங்குடி வரை போவேன், எலுமிச்சை மூட்டை ஏற்றுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். பள்ளிக்கூடத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து மைதானத்தைச் சுற்றுவேன். பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பார்கள். இப்போதும் நின்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் லீவு போட்டு வந்தார் ரெஜின். "அத்தான், டென்ட் வேண்டாம், கேஸ் அடுப்பு வேண்டாம், போன்கூட வேண்டாம். ஆதி மனுஷன் மாதிரி ஒருநாள் தண்ணி பக்கத்துல இருந்து பார்க்கணும். நாம ரெண்டு பேர் மட்டும். நீங்கதான் பிளான் போடணும்" என்றார். என்னோடு ஒட்டிப் பழகத்தான் அப்படிக் கேட்டார் என்று ஜெபிதா பிறகு சொன்னாள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வேலை என்று ஒன்று கைக்கு வந்ததும் மனசு கொஞ்சம் அடங்கியது. கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் இடம் பார்த்தேன். மழைக்காலம் முடிந்து ஆற்றில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. தனியாகப் பலமுறை போய் வந்தேன். கூரைக்கு ஒரு தார்ப்பாய், அடுப்புக்கு மூன்று கல், கொசுவுக்கு வேப்பிலைப் புகை. குடிப்பதற்கு ஆற்றில் அப்படியே மொள்ளக் கூடாது, மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்துக் காய்ச்ச வேண்டும். அவருக்கு நீச்சல் தெரியுமா என்றும் கேட்டுக்கொண்டேன். முகாம் நடத்துகிறவன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது. தெரியாது, இடுப்பளவுக்கு மேல் இறங்க மாட்டேன் என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மத்தியானம் இசக்கித்துரை என்கிற ஆட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். ரெஜின் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நிற்பதைப் பார்த்தார்.

"ஏ தம்பி, அந்தக் கரும்பாறைக்கு அங்கிட்டுப் போயிராதிய. கசம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

ரெஜின் என்னைப் பார்த்தார். "கசம்னா என்ன அத்தான்?"

"சேறு மாப்ள. கால்ல அப்பிக்கிடும். வேற ஒண்ணுமில்ல."

"சேறா? அதுக்கா இவ்வளவு சீரியஸா சொல்லிட்டுப் போறாரு?" என்று சிரித்தார். "கசம், கசம்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜெபிதாவிடம் போய்ச் சொல்ல ஒரு புது வார்த்தை கிடைத்தது என்றார்.

நீங்கள் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டேன், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். கசம் என்றால் சேறு இல்லை. ஆற்றுக்குள் திடீரென்று தரை இல்லாமல் போகிற ஆழக் குழி. மேலே பார்த்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும், ஒன்றும் தெரியாது. நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த வார்த்தையைக் கேட்டால் கால் பின்னால் போகும்.

நான் செய்தது அந்த ஒரு வார்த்தைதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். மறுநாள் காலையில் அவருடைய சோப்பையும் துண்டையும் கரும்பாறைக்கு அந்தப் பக்கம் வைத்தது நான். அங்கே நிழல் நன்றாக இருக்கும் என்று சொன்னதும் நான். பிறகு விறகு பொறுக்கக் கரையேறினேன்.

அவர் கூப்பிட்டது கேட்டது. "அத்தான்" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், கசத்தில் விழுந்த ஆளைத் தூக்கிக் கரை சேர்த்தும் இருக்கிறேன். ஆனால் அப்போது விறகைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். கட்டி முடித்து, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, கீழே வந்தேன். தண்ணீர் சும்மா கிடந்தது. அந்தக் கரையில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் ஆடவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக இருந்தது.

நீச்சல் தெரியாதவர், தவறிப் போய்விட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். ஜெபிதா படுத்தே கிடந்தாள். வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். அடுத்த அறையில் போன் சத்தம் கிடையாது. அவள் துக்கம் எனக்கும் துக்கம்தான், ஆனாலும் பழையபடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

போன வாரம் ஆடு விற்க வந்த இசக்கித்துரை, துக்கம் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான் மொதல்லயே சொன்னேனே தாயி, கசம் கெடக்குன்னு. அந்தப் பிள்ள கேக்கலியே" என்று அவளிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே இருந்தாள். இன்று காலை அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவருக்குக் கசம்னா என்னன்னு தெரியாது."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"தெரியாத வார்த்தைய அவரு கேக்காம விடமாட்டாரு. ஒங்ககிட்ட கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

அவளிடம் பொய் சொல்லி நான் வளர்க்கவில்லை. சேறு என்று சொன்னதைச் சொன்னேன். சோப்பு, நிழல், விறகுக்கட்டு எல்லாம் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "இத அப்படியே ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்றாள். ஆட்டோவில் பின்னால் என் பக்கத்தில் இடம் இருந்தும் டிரைவருக்கு அருகில் ஒட்டி உட்கார்ந்து வந்தாள். காற்றுக்காக இருக்கும்.

அவள் சொன்னபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் சார். ரெஜினைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் நல்லது. வெளியே பெஞ்சில் ஜெபிதா இருக்கிறாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட வேண்டும். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.