இடம்புரியாய்த் தெரிந்த வலம்புரி: பாக் விரியவான் அவர்களுக்கு வழங்கும் மடல்

பாண்டுங் மாநகரும், அதன் மலைகளும், மழையும், குறிப்பாக நம் கட்டடத்தின் இரண்டாம் மாடியும் காது கொடுத்துக் கேட்கவேண்டிய பேரறிவிப்பு இது! புரதங்களின் புதிர் அவிழ்த்த புலவரே, அணுக்களின் அந்தரங்கம் அறிந்த ஆசானே, இந்த ஆய்வுக்கூடத்தின் தலைவராய் இருபத்தெட்டு ஆண்டுகள் தலைநிமிர்ந்து நின்ற, ஐயா என்னும் பொருளில் நாங்கள் 'பாக்' என்று அழைக்கும் விரியவான் அவர்களே! இன்றோடு தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். வாழ்த்த வந்த எங்களுக்குப் பசியே எடுக்கவில்லை. அதற்குக் காரணம் நடுவில் விருந்துக்கு வைத்திருக்கும் மஞ்சள் சோற்றுக் கோபுரம் அல்ல.

விடுப்பு விண்ணப்பத்தைப் படிக்காமலே கையெழுத்திடும் தங்கள் பெருந்தன்மையையும், பிறர் தூங்கும் கருத்தரங்கில் முதல் வரிசையில் அமர்ந்து தூங்கும் தங்கள் துணிவையும் விரித்துரைத்தால் சோறு ஆறிவிடும். ஆகவே ஒன்றைமட்டும் சொல்லி அமைகிறோம்: நாம் திரை தேர்ந்த திருக்கதை.

மூலக்கூறு முன்னும் பின்னுமாய்ப் புடைத்துத் தெரியவேண்டுமானால் இரு கண்களுக்கும் இரு வேறு படங்கள் போகவேண்டும். அதைச் செய்துவந்த பழைய பிக்சர் ட்யூப் மானிட்டர் மங்கி, மஞ்சளித்து, மரணப்படுக்கையில் கிடந்தது. மாற்றாக மூன்று வந்தன. படபடவென இமைக்கும் மின்கண்ணாடியோடு வந்த வேகத்திரை, பார்த்தவருக்குத் தலைவலி தந்தது. நடுவில் கண்ணாடி சாய்த்த இரட்டைத் திரை, பார்த்தவருக்குக் கழுத்துவலியும் மேசைக்கு இடுப்புவலியும் தந்தது. மூன்றாவது, படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாய் இரு கண்களுக்கும் பங்குபோடும் திரை. லேசான கறுப்புக் கண்ணாடி போதும். தாங்கள் ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து, வழக்கம்போல் மூலக்கூறை மவுஸால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் நன்றாய் இருப்பதாகச் சொன்னீர்கள். பெரியவர் வாய் திறந்தபின் மறுத்துப் பேசுவது நம் கூட்டங்களில் வழக்கமில்லை. எனவே ஒருமனதாய்க் கலந்தாலோசித்து, கடைசியாக நன்றாய் இருந்த மூன்றாவதை வாங்கினோம்.

திறப்பு விழாவும் நடந்தது. விழாவுக்கு வந்த நிறுவன இயக்குநரின் பெயரைத் தாங்கிய வரவேற்புப் பட்டை ஒன்றைத் திரையின் தலையில் ஓடவிட்டோம். விழா முடிந்தும் அதை எடுக்க எவருக்கும் மனம் துணியவில்லை.

அன்றிலிருந்து தொடங்கியது எங்கள் அச்சம். வலப்பக்கம் முறுக்கவேண்டிய புரதச் சுருளெல்லாம் இடப்பக்கம் முறுக்கித் தெரிந்தன. தலைவர் நன்றென்ற திரையைப் பழிப்பது எப்படி? ஒவ்வொருவரும் தத்தம் கண்ணைப் பழித்தோம். கண் மருத்துவமனையில் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்ட நம்மவர் இருவர், மாமியாரை அழைத்துவந்ததாக ஒரே பொய்யைச் சொன்னார்கள். நம் ஆய்வாளர் எயுயிஸின் நிலைதான் பரிதாபம். இரண்டாண்டு உழைத்து அவள் கண்ட புரதத்தின் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. கணக்கு வலம்புரி என்றது, கண் இடம்புரி என்றது. உலகறிந்த புரதத்தைத் திறந்தாள், அதுவும் இடம்புரி. மருத்துவரோ கண்ணில் குறையில்லை என்றார். கண்ணும் சரி, பழிக்கக்கூடாத திரையும் சரி என்றால் பிழை தன் ஆய்வில்தான் என்று அவளுக்கு உறக்கமே இல்லை. ஒருநாள் காலையில் தங்கள் அறைக்கு வந்து நின்றாள்.

"பாக், என் சுருள் எல்லாம் தலைகீழா முறுக்கிக்கிட்டிருக்கு. கட்டுரையைத் திரும்ப வாங்கிடறேன்."

தாங்கள் எழுந்துபோய்த் திரைமுன் அமர்ந்து ஆட்டிப் பார்த்தீர்கள். "எங்கேம்மா தலைகீழ்? வலப்பக்கம்தானே போகுது."

"கண்ணாடி போட்டுப் பாருங்க பாக்."

"போட்டாலும் எனக்கு ஒண்ணுதான். எடக்கண்ணு பொறந்ததுலேருந்தே டூட்டிக்கு வரலை. ஆட்டிப் பாத்துதான் முன்ன எது, பின்ன எதுன்னு தெரிஞ்சுக்குவேன்."

தங்கள் மவுஸ் ஆட்டத்தைப் பெரிய நுட்பமென்று எண்ணி இத்தனை காலம் நாங்களும் ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"அப்போ மூணு திரையையும் எப்படி நல்லா இருக்குன்னீங்க?"

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. உங்கள்ல யாராச்சும் வேணாம்னு சொல்வீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

பிறகு தாங்களே அந்த வரவேற்புப் பட்டையை நீக்கினீர்கள். அது படத்தை ஒரே ஒரு வரி கீழே தள்ளியிருந்தது; இடக்கண்ணின் படம் வலக்கண்ணுக்கும், வலக்கண்ணின் படம் இடக்கண்ணுக்கும் போய், முன்னது பின்னாயும் பின்னது முன்னாயும் தெரிந்துகொண்டிருந்தது. பட்டை போனதும் வலம்புரி வலம்புரியானது. எயுயிஸின் கட்டுரை பிழைத்தது. அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டோம். பென்ஷன் உத்தரவு கைக்கு வந்துவிட்டதால் தாராளமாகச் சொல்லலாம் என்றீர்கள். ஒற்றைக் கண்ணால் ஒரு கூடத்தையே காத்த உத்தமரே! இந்தத் திரை மட்டுமல்ல, இனி வரும் எத்தனை திரைகளுக்கும் எங்களில் எவர் முதலில் வாய் திறப்பார் என்று இப்போதே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழவேண்டும். கூப்பிட்டால் வரும் தூரத்தில் வாழவேண்டும்.

தங்கள் ஆய்வுக்கூடத்தார் அனைவரும் ஒருமனதாய்க் கையொப்பமிட்டு வழங்கும் மடல் இது. புதிய தலைவர் திங்கட்கிழமை வருகிறார். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.