காலை ரயிலில் கதை எழுதிய வடிவு அக்காவுக்கு

வட்டகொடை ஊர் வழங்கிய வற்றாத எழுத்தே! வார்த்தைக்கு வாசமூட்டிய வடிவே! எங்கள் ஹற்றன் அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் சண்முகவடிவு அக்கா அவர்களே! வணங்குகிறோம்.

பகலெல்லாம் கம்பனித் தேயிலைக்குப் புகழுரை எழுதிய அதே விரல்கள், வரும் வழியில் தோட்டத்து லயன் வீடுகளில் வாழும் மனிதர்களுக்குக் கதை எழுதின. காலை ரயில் பிந்தினால் நாங்கள் திட்டுவோம். தாங்களோ மடியில் தாளை விரித்து, "பிந்தட்டும்டி, இன்னொரு பக்கம் கெடைக்கும்" என்பீர்கள். அந்தப் பெட்டியின் குளிரும், கணக்குப் பிரிவு நஸார் நானா பிளாஸ்கில் கொண்டுவரும் இஞ்சிப் பிளேன்டீயும், தாங்கள் வாசிக்க நாங்கள் கேட்ட சுகமும் இனி எங்கே!

தேயிலைப் பெட்டிக்கு, 'புன்னகையோடு பறித்த கொழுந்து' என்று எழுதச் சொன்னார் மேலாளர்.

"மழையில நனஞ்சுக்கிட்டு யாரு சார் சிரிக்கிறா?" என்றீர்கள்.

"வாங்குறவங்க சிரிக்கணும்ல, மிஸ்!"

தாங்கள் எழுதிக் கொடுத்ததோ, 'மழையும் விடவில்லை, அவர்களும் விடவில்லை.' "கவிதை மாதிரி இருக்கே!" என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

மூடி மறைத்துப் பேச, இதை வாசிக்கும் எனக்கு வராது. தங்கள் சிறுகதை பரிசு பெற்றபோது, அதை வாங்கப் போக லீவு கேட்டீர்கள். "கதைக்கெல்லாமா லீவு?" என்றார்கள் நிர்வாகத்தினர். பரிசு தபாலில் வந்தது. தாங்கள் மன்னித்துவிட்டீர்கள், நாங்கள் மன்னிக்கவில்லை. இன்று அதே ஆட்கள், கம்பனி வரலாற்றை எழுத இன்னும் இரண்டு வருடம் வரச் சொல்கிறார்கள். தாங்களும் "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறீர்கள். என்னக்கா யோசனை? தங்கள் நாவலில், கொத்மலை அணைக்காக வீடிழந்த குடும்பம் சட்டிபானையோடு லொறியில் ஏறி ஒரு வருடமாகிறது. தங்கள் வேலைப் பளுவால் அவர்கள் இன்னும் இறங்கவில்லை!

ஆகையால், அன்பின் உரிமையோடு கேட்கிறோம்: திங்கட்கிழமை வராதீர்கள். கம்பனி வரலாற்றைக் கம்பனியே எழுதிக்கொள்ளட்டும். கண் மங்காமல், கை நோகாமல், நெடுங்காலம் நலமாயிருந்து தங்கள் எழுத்தை எழுதுங்கள்!

மீறி வந்தால் கேற்றிலேயே திருப்பி அனுப்பும்படி காவலர் அழகுமுத்து அண்ணனிடம் சொல்லிவிட்டோம். ரயிலில் நம் பின் இருக்கையில், தாங்கள் வாசிப்பதைக் கேட்டபடி வருபவர் அவர். உடனே ஒப்புக்கொண்டார்:

"உள்ள விடமாட்டேன். அந்த லொறி எங்க போய் நிக்குதுன்னு எனக்கும் தெரியணும்ல!"

இவ்வண்ணம்,
தங்களை இரக்கமின்றி வழியனுப்பும்
விளம்பரப் பிரிவினர்
(எழுதி வாசிப்பவர்: நிஷாந்தி)