தட்டிய கதவுகள்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூல் ரயில் பட்டறைக்கு எங்களை ஏற்றிப்போகும் காலை ரயில். முந்திய மாலை எங்கள் பட்டறை பந்தாட்டத்தில் ஜெயித்திருந்தது. கொண்டாடிய கூட்டம் எங்கள் வீட்டு வரிசைக்குப் பக்கத்திலிருந்த ஒரு கோப்பிக்கடையை நொறுக்கி, கடைக்காரச் சீனரை அடித்துப் போட்டது.

"எம்மவன் வீட்டுலதான் இருந்தான்," என்றார் எதிரே சாப்பாட்டு டின்னை மடியில் வைத்திருந்தவர். அவரை யாரும் கேட்கவில்லை.

"நம்ம வரிசையில அத்தன வீட்டுலயும் அதத்தாண்ணே சொல்றாங்க," என்றார் பக்கத்திலிருந்த இளைஞர். "பிள்ளைங்கள உள்ள இழுத்துப் போட்டுக் கதவச் சாத்திட்டாங்களாம். அப்புறம் அந்தச் சீனரு ஒவ்வொரு கதவாத் தட்டியிருக்காரு. நானும் தொறக்கல."

"நமக்கேன் தம்பி வம்பு?"

"கதவுங்களப் பாத்தீங்களா? மொத வீட்டுல ரத்தக் கை தோள் உசரத்துல பதிஞ்சிருக்கு. போகப்போகக் கீழ எறங்குது. என் கதவுல முழங்கால் உசரம்."

டின்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கடைசி வீடு உங்களுது. உங்க வாசல்லதான் செத்துக் கெடந்தாரு. ஆனா உங்க கதவுல மட்டும் ஒண்ணுமே இல்லியேண்ணே."

"எம்மவன் விடியுமுன்னயே எழுந்து கழுவிட்டான், தம்பி," என்றார் அவர். "வீட்டுலதான் இருந்தான்னு சொன்னேனே."