வம்சத்துத் தாடை

தாம்பரம் மின்சார ரயிலில் என் எதிர் சீட்டில் ஒரு அண்ணியும் அவள் நாத்தனாரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பாப்பாவுக்குக் கீழ்த்தாடை துருத்தறது அது நீளம்ங்கறதால இல்லியாம். மேல்தாடைதான் உள்ள போயிருக்காம். பல் டாக்டர் சொல்றாரு,” என்றாள் அண்ணி.

“அது எங்க வம்ச மூஞ்சி அண்ணி. அப்பாவுக்கு, எனக்கு, எல்லாருக்கும் அப்படித்தான். அதுக்குப் போய் வைத்தியமா?”

“உங்க அண்ணனும் இதையே சொல்லித்தான் வேணான்றாரு. கண்ணுக்குக் கீழ கன்னம் தட்டையா இருக்கு, மேலுதடு உள்வாங்கியிருக்கு, கடிச்சா கீழ்ப்பல் முன்னால நிக்குது. வளர்ற வயசுலயே பாத்தா சரி பண்ணலாமாம்.”

நாத்தனார் செல்போன் கேமராவைத் திருப்பிப் பல்லைக் கடித்துப் பார்த்தாள். கீழ்ப்பல்தான் முன்னால் நின்றது. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க மூஞ்சி சரியில்லன்னு சொன்னதெல்லாம் இதைத்தானா?” என்றாள். பிறகு, “அண்ணன்கிட்ட நான் பேசறேன். நீங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க.”