பாரபட்சமில்லாத பொத்தான்

நான் கோபக்காரன் இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட வாயைத் திறக்காமல் எழுந்துபோய் நானே போட்டுக்கொள்கிற ஆள். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள் ஐயா, அவளும் இதைத்தான் சொல்வாள். அதனால் அவன்மேல் எனக்குப் பகை என்று யாராவது வாக்குமூலம் கொடுத்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அவனை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் குளிர்கிடங்கில் மீனையும் இறைச்சியையும் உறைய வைத்து, பொட்டலம் போட்டு, லாரியில் ஏற்றுவார்கள். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. காக்கிச் சட்டையிலிருந்து வந்தவன் இல்லை, சமூகவியல் படித்தவன். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'வாத்தியார்' என்பார்கள். சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போய்க்கொண்டிருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "படிச்ச படிப்புக்கு ஏதாவது செய்யுங்க. இல்லைன்னா பழையபடி லத்தி புடிச்ச ஆளையே உக்கார வெச்சுக்கறோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

யார் எடுக்கிறார்கள் என்று தேடுவது போலீஸ்காரர் வழி. தப்பாக நினைக்காதீர்கள். நான் கேட்டது வேறு கேள்வி. ஏன் ஒருவன்கூட இன்னொருவனைக் காட்டிக்கொடுக்கவில்லை? ஏனென்றால் அவர்கள் அவ்வளவு ஒற்றுமை. அந்த ஒற்றுமைக்கு நடுவில் ஒருவன் இருந்தான், சரக்கு ஏற்றும் பிரிவின் மேஸ்திரி. பொட்டலம் போடும் பெண்களில் ஒருத்தியைக் காதலித்துக் கட்டிக்கொண்டதால் கிடங்கே அவனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்வான். அவன் ஒரு துரும்பைக்கூட எடுத்ததில்லை. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஒரு கூட்டத்தைக் கலைக்க வேண்டுமானால் அதை இழுத்துக் கட்டியிருக்கும் முடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டும், ஓரத்தில் இருப்பவனைத் தொட்டுப் பயனில்லை.

வெளியே போகும் வாசலில் ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லோரும் அதை அழுத்தியாக வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் பையையும் உடம்பையும் சோதிப்போம். யாருக்கு எது எரியும் என்று எவருக்கும் தெரியாது. மேலாளரும் அழுத்துவார், அவருக்கும் சில நாள் சிவப்பு விழும். அதனால் அதன்மேல் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. வாசலை ஒட்டித்தான் என் அறை. அங்கே என் மேஜைக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளை அழுத்தினால் சிவப்புதான்.

முதலில் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு இன்னிக்கும் மாமியார் வீட்டு உபசாரம்டா" என்று கேலி. அவனும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடிக் காட்டுவான். போகப்போகச் சிரிப்பு குறைந்தது. வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்கத் தயங்கினார்கள். சாப்பாட்டு மேஜையில் அவன் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். மெஷினுக்கு அவன்மேல் என்ன வஞ்சமா? அப்படித்தான் யோசித்தார்கள், நான் எதிர்பார்த்தபடியே. ஒருவன்மேல் முத்திரை குத்திவிட்டால் போதும், மீதி வேலையைச் சுற்றியிருப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவன் மனைவிகூட அவனோடு சேர்ந்து வாசலுக்கு வருவதை விட்டுவிட்டாள். யாரை நம்புவதென்று தெரியாமல் உண்மையான திருடர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். களவு நின்றது. மேலாளர் எனக்குக் கை கொடுத்தார்.

ஒருநாள் அவன் என் அறைக்கு வந்தான்.

"சார், அந்த மெஷின்ல ஏதோ கோளாறு. ஒரு தடவ பாருங்க சார். வீட்ல அவளே என் பையைத் தடவிப் பாக்கறா."

"மெஷினுக்கு ஆள் தெரியாதுப்பா. நீ சுத்தமா இருந்தா உனக்கென்ன பயம்?"

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு பெட்டி காணாமல் போனது. வேறு லாரியில் தவறி ஏறியிருந்தது, மறுநாள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அன்று அதற்காக ஏற்றும் பிரிவுக்கே விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பிரிவில் மூன்று பேர் மாப்பிள்ளையை உறைபனி அறைக்குள் தள்ளி, வெளியே தாழ் போட்டார்கள். கொஞ்ச நேரம் விறைத்தால் உண்மையைக் கக்குவான் என்று எண்ணம். உள்ளேயிருந்து திறக்கும் பிடியை முன்பே நான் கழற்றச் சொல்லியிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் பிரிக்கிறார்கள் என்பதால். களவுக்கு வசதி குறைந்தால் களவு குறையும், அது பாலபாடம். அந்த நேரம் பார்த்து லாரிகள் வந்துவிட்டன. மூன்று பேரும் ஓடினார்கள். மற்றவன் திறந்திருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டான். உங்களிடமும் அதைத்தான் சொல்லி அழுதிருப்பார்கள். அது பொய்யில்லை.

நான் எல்லாவற்றையும் கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பலர் இருக்கும் இடத்தில் யாரும் உதவிக்கு வருவதில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? யார் முதலில் போகிறார்கள் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளே அவன் கதவைத் தட்டினான். வெளியே ஒருவர் நின்று காது கொடுத்தார், பக்கத்தில் போனவரைப் பார்த்தார், அவர் நிற்காததால் இவரும் போய்விட்டார். அவன் குதித்துப் பார்த்தான். அட்டைப்பெட்டிகளைக் கிழித்து மேலே சுற்றிக்கொண்டான். கெட்டிக்காரன். அப்புறம் உட்கார்ந்துவிட்டான்.

வேலை முடிந்து அவன் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"சார், அவரைக் காணோமே. கிளம்பிட்டாரா?"

"அப்பவே போயிட்டாரேம்மா" என்றேன். உண்மையைச் சொன்னால் ஓடிப்போய்த் திறந்திருப்பாள். பெண்டாட்டி திறப்பதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

"சோதிச்சீங்களா சார்?"

"இல்லம்மா. இன்னிக்கு அவருக்குப் பச்சை."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்திவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்துதான் கதவைத் திறந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சுவிட்ச் வைத்தது நான். பிடியைக் கழற்றச் சொன்னது நான். அவளிடம் பொய் சொன்னதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வெறும் தாழ்ப்பாள்தான், பூட்டுக்கூட இல்லை. என் அறையிலிருந்து எழுந்து வந்தால் எதிரே அந்தக் கதவு. மதியத்திலிருந்து சாயங்காலம்வரை நான் கண்ணை எடுக்கவில்லை, ஒருவர்கூட வந்து திறக்கவில்லை. மனிதர்கள் இவ்வளவு ஈரமில்லாதவர்களாக இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா.