வலது இறக்கையின் அட்டை

எங்கள் ஓடுதளத்தில் சனிக்கிழமை காலைகளில் நல்ல பான்கேக் கிடைக்கும். லைல் சுடுவான். விமானங்களுக்குப் பெட்ரோல் போடுகிறவனும் அவன்தான், ஆனால் கையைக் கழுவிவிட்டுத்தான் மாவைத் தொடுவான், நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். என் பேரைச் சொன்னால் ஒன்று கூடுதலாகப் போடுவான். இன்றைக்குப் பிறகு போடுவானோ என்னவோ.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றீர்கள். எனக்கு அப்படி வராது. மின்னசோட்டாவின் இந்த மூலையில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரவேலையும் உலோக வேலையும் சொல்லிக்கொடுத்தவன் நான். அடியிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும், நிறுத்த வேண்டாம்.

டெல்பர்ட் சேதரும் நானும் அந்த விமானத்தை அவன் வீட்டுக் கராஜில் பதினோரு வருடம் கட்டினோம். வரைபடம் அவனுடையது, அலுமினியம் அவனுடையது, பதிவும் அவன் பேரில். உழைப்பு மட்டும் பாதிக்குப் பாதி. இடது இறக்கையை அவன் செய்தான், வலதை நான். எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். அவனவன் இறக்கையை அவனவன்தான் தொடவேண்டும்; சரிபார்ப்பது மட்டும் மற்றவன். பதினோரு வருடத்தில் என் இறக்கையில் அவன் மாற்றச் சொன்னது நாலே நாலு ரிவெட் ஆணி. அவனுடையதில் நான் மாற்றச் சொன்னது நூறைத் தாண்டும். குறையாகச் சொல்லவில்லை. அவன் மேசை வேலை பார்த்தவன், கை அவ்வளவுதான் வளையும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் வீட்டில் சாப்பாடு, ஆறுக்குக் கராஜ். லைல் எங்களைப் பார்த்தால் வாயைச் சும்மா வைத்திருக்கமாட்டான். "பாவம் மார்லிஸ். பேருக்குத்தான் அவ பொண்டாட்டி. குடும்பம் நடத்துறது என்னவோ நீங்க ரெண்டு பேரும்தான்" என்பான். டெல்பர்ட்டின் மனைவி மார்லிஸ் கோபித்துக்கொள்ள மாட்டாள். "கூட்டிக்கிட்டே போயிடுங்க ஆரின். குறட்டைச் சத்தமில்லாம நானும் ஒரு நாள் தூங்கிப் பாக்கறேன்" என்பாள்.

விமானத்தில் இரண்டு இருக்கை. இரண்டாவது இருக்கைக்குப் பலகை வெட்டியபோது என்னைத்தான் உட்காரவைத்து அளவெடுத்தான். பெல்ட்டின் நீளமும் என் இடுப்புக்குத்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் சொல்லமாட்டார்கள்.

போன வருடம் கோடையில் அது பறந்தது. நன்றாகவே பறந்தது. ஆகஸ்டில் ஒரு நாள், சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னான்.

"ஐடஹோவுக்குப் போயிடலாம்னு பாக்கறோம்டா. கெர்ஸ்டினுக்குக் குழந்தை பொறந்ததுலேர்ந்து மார்லிஸுக்கு இங்க இருப்புக் கொள்ளல."

கெர்ஸ்டின் அவர்கள் மகள். அங்கே மலைக்கு நடுவில் நிலம் வைத்திருக்கிறாள்.

"விமானம்?" என்றேன்.

"அதுலதான் போறோம். நானும் அவளும். கெர்ஸ்டின் நெலத்துலயே ஒரு புல்தரை இருக்கு, இறங்கிக்கலாம். நீ லீவுக்கு வா, வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. எனக்கென்ன லீவு. நல்லது என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைத்து வைத்தேன். வயிறு பற்றி எரிந்தது. சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, யாருக்கும் எரியும்.

மார்லிஸ் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அந்தப் புல்தரை எண்ணூறு அடிதான், முடிகிற இடத்தில் பைன் மரங்கள். "அங்க இறங்கும்னு நம்பரைக் காட்டுங்க, வீட்டை விக்கலாம். இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்று அவனிடம் என் எதிரிலேயே சொன்னாள். விமானம் ஒரு வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் விட்டுவிடும். பறக்கிறவர்கள் அதை ஸ்டால் என்பார்கள். எங்களுடையது மணிக்கு ஐம்பத்திரண்டு மைலில் விட்டது. அந்த நம்பர் நாற்பத்தாறுக்குக் குறைந்தால்தான் அந்தத் தரைக்கு ஆகும்.

அதற்குத்தான் டெல்பர்ட் சுழல்தகடு வாங்கினான். கட்டைவிரல் நகம் அளவுள்ள சின்னத் தகடுகள். இறக்கையின் மேல், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், வரிசையாக ஒட்டுவது. காற்றைச் சுழலவிட்டு இறக்கையோடு ஒட்டி ஓடவைக்கும். விமானம் இன்னும் மெதுவாகப் போனாலும் விழாது. எடுத்தவுடன் பசை போட்டு ஒட்டமாட்டார்கள். முதலில் இருபக்க டேப்பில் ஒட்டிப் பறந்து பார்த்து, இடம் சரி என்று தெரிந்த பிறகுதான் பசை. பக்கத்துக்கு நாற்பது தகடு.

எந்த இடத்தில் ஒட்டுவது என்பதுதான் எல்லாமே. அதற்காக அட்டையில் ஓர் அளவு வெட்டிக்கொள்வோம். முன்விளிம்பில் மாட்டினால் தகடு உட்காரவேண்டிய கோட்டை அது காட்டும். ஓர் அட்டையையே புரட்டிப் புரட்டி இரண்டு பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் சட்டப்படி அவன் இறக்கைக்கு அவன் ஓர் அட்டை வெட்டினான், என்னுடையதற்கு நான் வெட்டினேன்.

என் அட்டையில் கோடு இரண்டு அங்குலம் பின்னால் இருந்தது.

தவறி விழுந்த கோடு அல்ல. எஃகு ஸ்கேலை வைத்து, கத்தியைத் தீட்டி வெட்டினேன். வரிசை பின்னால் போனால் என் பக்கத்தில் தகடு இருந்தும் பலன் இருக்காது. நம்பர் இறங்காது. நம்பர் இறங்காவிட்டால் மார்லிஸ் கிளம்பமாட்டாள், அவள் கிளம்பாமல் அவன் போகமாட்டான். ஒரு நம்பர்தானே கெடுகிறது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்று நினைத்தேன். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத யோசனை அது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். வலது இறக்கை முதலில் விழும். அது எனக்குத் தெரியும். நாலாயிரம் அடி உயரத்தில் விழுந்தால் நிமிர்த்திக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

ஒட்டி முடித்ததும் டெல்பர்ட் என் பக்கம் சரிபார்க்க வந்தான். அவன் கையில் அவனுடைய அட்டை இருந்தது. நான் என்னுடையதை நீட்டினேன். "என் இறக்கைக்கு இதுதான்டா" என்றேன். தன் அட்டையை இறக்கை மேலேயே வைத்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டான். நாற்பது தகட்டையும் ஒவ்வொன்றாக அதில் பொருத்திப் பார்த்தான். அச்சாக உட்கார்ந்திருந்தது.

"வாத்தியார் வேலைன்னா வாத்தியார் வேலைதான். என்னுது கோணலா இருந்தா சொல்லு" என்றான். அவனுடையதில் மூன்று தகடு கோணல். மாற்றினான்.

அக்டோபர் முதல் வாரம், காற்றே இல்லாத காலை. டெல்பர்ட் தனியாக நாலாயிரம் அடிக்கு ஏறினான். நான் ஓடுதளத்தின் ஓரத்தில் ரேடியோவோடு நம்பர் எழுத நின்றேன். மார்லிஸ் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் அறுவை செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, கைத்தடி வைத்திருந்தாள்.

முதல் தடவை ஐம்பத்தொன்றில் விட்டது. "வலது பக்கம் சட்டுனு விழுதுடா" என்றான் ரேடியோவில். குரலில் பதற்றம் இல்லை.

"இன்னொரு தரம் பாரு. காத்தா இருக்கும்" என்றேன். காற்று இல்லை என்று இப்போதுதான் சொன்னேன், கவனித்திருப்பீர்கள்.

இரண்டாம் தடவையும் அதே ஐம்பத்தொன்று. இந்த முறை பாதி உருண்டுவிட்டு நிமிர்ந்தான். பிறகு சிரித்தான். "உன் இறக்கைக்கு எம்மேல என்னடா கோவம்?"

நம்பரை எழுதி மார்லிஸிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "சரி, போகலைன்னு ஆயிடுச்சு. அவர் மனசுதான் ஒடஞ்சிடும். ராத்திரிக்கு நீங்களும் வந்துடுங்க ஆரின், பேசிக்கிட்டு இருந்தா கொஞ்சம் ஆறும்" என்றாள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அங்கேயே அது முடிந்திருக்கவேண்டியது. முடித்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது டெல்பர்ட் மறுபடி பேசினான். "ஒண்ணு செய்யலாம்டா. எறங்கினதும் என் அட்டையை ரெண்டு பக்கமும் வெச்சுப் பாத்துடலாம். அட்டையிலதான் ஏதோ இருக்கு."

அவன் தொடர்ந்தான். "வேகமா வந்து எறங்கிடறேன். இப்படி விழறதை வெச்சுக்கிட்டு மெதுவா வரக் கூடாது. என்ன சொல்ற?"

பறக்கத் தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். வேகமாக வா என்று; திருப்பத்தில் சாயும்போது ஐம்பத்தைந்திலேயே இறக்கை விட்டுவிடும். டெல்பர்ட்டுக்கே தெரியும். ஆனால் எதையும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்வது அவனுக்குப் பழக்கம். நான் ரேடியோவை வாயருகே வைத்திருந்தேன். அவன் இறங்கினால் அட்டையை வைத்துப் பார்ப்பான். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான். அந்த முகத்தை நான் பார்க்கவேண்டும்.

"மெதுவாவே வா. ஐம்பத்தஞ்சுல வா. தரைக்கிட்ட ஒரு நம்பர் கெடைக்கும், அது வேணும்" என்றேன்.

"சரிடா, நீ சொன்னா சரி" என்றான்.

கடைசித் திருப்பத்தில், சோயா வயலுக்கு மேலே, அறுபது அடி உயரம் இருக்கும், வலது இறக்கை விட்டது.

நான்தான் முதலில் ஓடினேன். லைல் ஓடுதளத்தின் மறுகோடியில் இருந்தான். வண்டியில் சுற்றிக்கொண்டு வரவேண்டும். மார்லிஸ் கைத்தடியோடு நடந்து வந்துகொண்டிருந்தாள், நடுவில் வாய்க்கால். தீப்பிடிக்கவில்லை. டெல்பர்ட்டுக்கு நினைவு இருந்தது. இருக்கை முன்னால் மடங்கி, பெல்ட் நெஞ்சில் இறுகியிருந்தது.

"ஆரின், பெல்ட்டு" என்றான். "மூச்சு வரல."

"இருடா, இதோ வரேன்" என்றேன்.

வலது இறக்கை தனியாக அறுந்து கிடந்தது. நான் முதலில் அதனிடம் போனேன். நாற்பது தகட்டையும் உரித்து, மிச்சமில்லாமல் டேப்பையும் சுரண்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவசரப்படவில்லை; அவசரப்பட்டால் வர்ணம் பெயர்ந்து கோடு தெரியும். அதற்குள் அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிட்டது என் பேரா என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து பெல்ட்டை அறுத்தேன். அதற்குள் அவன் மூச்சு நின்றிருந்தது. லைல் வந்தபோது அவன் தலை என் மடியில் இருந்தது. அழுதுகொண்டிருந்தேன். அது நடிப்பு இல்லை.

அட்டையை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். மார்லிஸ் ஐடஹோவுக்குப் போகவில்லை. குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியை நான்தான் தள்ளினேன், மூன்று நாளைக்கு ஒருமுறை அங்கேதான் சாப்பாடு. டெல்பர்ட்டின் நாற்காலியில் உட்காரமாட்டேன். உங்கள் விபத்து விசாரணை ஆட்கள் இரண்டு முறை வந்து கேட்டார்கள், பொறுமையாகப் பதில் சொன்னேன். ஏழு மாதம் எனக்குத் தூக்கத்தில் பெரிய குறை இல்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அறிக்கை அவளுக்குத் தபாலில் வந்தது. சமையலறை மேசையில் வைத்துப் படித்தாள். பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி. வலது இறக்கையின் மேற்பரப்பு முறையாகத் துடைக்கப்படாததால் தகடுகள் பறக்கும்போதே உரிந்து விழுந்திருக்கலாம், இது ஒட்டியவரின் கவனக்குறைவு, என்று எழுதியிருக்கிறீர்கள்.

மார்லிஸ் அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. விரலை வைத்துத் தள்ளினாள். நான் படிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க வேணும்னு செய்யல ஆரின். ஏதோ நெனப்புல துடைக்க மறந்திருப்பீங்க. வயசாயிடுச்சு எல்லாருக்கும். நான் மன்னிச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சூப் ஊற்றினாள். லைலிடமும் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. சனிக்கிழமை அவன் என்னிடம் வழக்கம்போல் வாயாடவில்லை. தட்டை மெதுவாக வைத்துவிட்டுத் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

அந்தச் செவ்வாயிலிருந்து ஓர் இரவும் தூங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

இந்தக் காப்பி டப்பாவைத் திறந்து பாருங்கள். நாற்பது தகடும் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் டேப் இருக்கிறது பாருங்கள், தூசி ஒரு பொட்டு இல்லை. அந்த இறக்கையை ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தேன், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. ஒன்றுகூடத் தானாக உரியவில்லை. விமானம் விழுந்து, இறக்கை அறுந்து, வயலில் புரண்ட பிறகும் நாற்பதும் இருந்த இடத்தில் இருந்தன. உரிக்க எனக்கு நகம் தேய்ந்துபோனது.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். டெல்பர்ட்டுக்கு நான் செய்ததை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், என்ன பேர் வேண்டுமானாலும் வையுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. பதினான்காம் பக்கத்தில் கவனக்குறைவு என்று இருக்கிறதே, அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிட்டு, திருத்திய பிரதி ஒன்றை மார்லிஸுக்கு அனுப்பிவையுங்கள்.