பச்சைப் புள்ளிகள்

— டேய், மேஜைய ஆட்டாத! மைக்ராஸ்கோப்புல எல்லாம் குதிக்குது.

— நான் எங்க ஆட்டினேன்க்கா? சும்மா சாஞ்சேன்…

— சாயாத. உட்காரு.

— எவ்ளோ நேரம்தான் உட்கார்றது? என் கையில தோலைக் கிள்ளி எடுத்து மூணு வாரமா வளர்த்தியே, அதா இது? தள்ளு, பார்க்கிறேன்… அட, நீல நீலமா வட்டம்!

— ஒவ்வொரு வட்டமும் ஒரு செல்லோட உட்கரு.

— பக்கத்துத் தட்டுல யாரு?

— நான்தான்.

— உன்னோடதுல மட்டும் உள்ள பச்சைப் புள்ளி மின்னுதே?

— அது சின்ன உருண்டைடா. உட்கருவுக்குள்ள ஒரு பட்டறைன்னு வச்சுக்கோ.

— சுவர் யாரு கட்டுனா?

— சுவரே கிடையாது.

— போச்சு. என்ன மாதிரி பெயிண்டருக்கு அங்க வேலையில்ல.

— விளையாடாத, கேளு. தண்ணியில சிந்தின எண்ணெய் தானா கூடி வட்டமாகுதில்ல? அப்படித்தான் சில புரதங்க ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு உருண்டையாத் திரளும். ஆனா அதுக்குத் தேவையான அளவு இருக்கணும். இல்லைன்னா…

— இல்லைன்னா?

— திரளாது.

— என்னோடதுல ஒண்ணுகூடக் காணோமே.

— சாயம் சரியா ஏறல போல…

— சாயத்தப் பத்தி எங்கிட்டயே கதை விடுறியா? எத்தன தடவ ஏத்தின?

— …நாலு.

— நாலு தடவையும் இப்படித்தானா?

— தேடித் தேடி எண்ணினா நூறு வட்டத்துக்கு எட்டுப் புள்ளி. என்னோடதுல நூறுக்கு மேல.

— அந்தப் புரதம் குறைஞ்சா என்னாகும்? அக்கா… என்னப் பார்த்துச் சொல்லு.

— தசைய இயக்குற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் உறுதி. இப்ப மருந்து இருக்குடா, சீக்கிரம் ஆரம்பிச்சா மேல போகாம நிறுத்தலாம்…

— நல்லா இருக்கிற ஆளோட தோல் வேணும்னுதானே கேட்ட?

— பொய் சொன்னேன்டா. அம்மா வீட்டுல நீ தரையில இருந்து எழுந்திரிச்சதப் பார்த்தேன். தொடையில ரெண்டு கையையும் ஊனி… கேட்டிருந்தா சிரிச்சு மழுப்பியிருப்ப.

— நீ கிள்ளினப்ப, ஏன் என்னோடதுன்னு ஒரு வார்த்த கேட்டேனா நான்?

— இல்ல… ஏன் கேட்கல?

— எனக்கே சந்தேகம் இருந்துச்சு. ஏணி ஏற முடியாத பெயிண்டர யாருக்கா வச்சுப்பாங்க? வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. காலையில கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போறேன். என் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது… நீயும் வீட்டுக்கு வாயேன்க்கா, அவகிட்ட எப்படிப் பேச்ச ஆரம்பிக்கிறதுன்னே எனக்குத் தெரியல.